செம்பியின் தலைக்கயிறு

கதிர்,

கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை அனுப்பி, எழுத்துப்பிழை இருக்கிறதா பார்த்துச் சொல்லம்மா என்று கேட்டிருந்தாய். பார்த்துவிட்டேன். பிழை எதுவும் இல்லை. அப்பாவின் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று தயங்கியிருந்தாய். ‘தெய்வத்திரு’ என்று போட்டுக்கொள், நம் வீட்டில் அதுதான் வழக்கம். பத்திரிகையைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதை ஃபோனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை எடுத்தேன். நீ “சொல்லும்மா” என்றதும், சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு கோபப்படுவது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். பொறுமையாக உட்கார்ந்து படி. வேலைக்கு நடுவில் படிக்காதே.

செம்பி மதுராந்தகத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே உன் நண்பனுக்குத் தோட்டம் எதுவும் கிடையாது என்றும் தெரியும். நீ அனுப்பிய படங்களில் புல் மேய்கிற குதிரை யாருடையது என்பது மட்டும்தான் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையும் இல்லை.

அவளை நீ கூட்டிக்கொண்டு வந்த அன்று நான் உன்னை எவ்வளவு திட்டினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சனிக்கிழமைதோறும் ஈசிஆர் கடற்கரைச் சாலைப் பக்கம் குதிரை ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தாய். ஆபீஸ் அலுப்புக்கு ஒரு மாற்றாக இருக்கட்டும் என்று நானும் சும்மா இருந்தேன். அந்த இடத்தை மூடப்போகிறார்கள், வயதான ஒரு பெண் குதிரையை எடுக்க யாரும் இல்லை என்று சொல்லி, கூடுவாஞ்சேரியில் நம் வீட்டுப் பின்பக்கத்து நிலத்தில் கொண்டுவந்து இறக்கினாய். சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் நம்முடைய அந்தத் துண்டு நிலம், அதில் ஒரு குதிரை. மனை பார்க்க வந்தவர்களெல்லாம் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். மாடும் ஆடும் கட்டிய இடத்தில் குதிரையா, இதை யார் பார்த்துக்கொள்வது என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது அவள் தலையைத் திருப்பினாள். மூக்கின் குறுக்கே தோல் உரிந்து சதை தெரிந்தது. நைலான் தலைக்கயிறு. இரவு பகல் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். அது அறுத்து அறுத்துப் புண்ணாகி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் நான் உன்னைத் திட்டவில்லை. உள்ளே போய் உப்புத் தண்ணீர் காய்ச்சினேன்.

தாம்பரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையில் இருந்து ரிட்டயர் ஆகி அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பா போன பிறகு இந்த வீட்டில் நான் புண் கட்டிவிட ஒரு ஆளில்லை. சிரிக்காதே, நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. காலையில் எழுந்தால் யாருக்கு என்ன செய்வது என்று தெரியாது. செம்பியின் மூக்கைக் கழுவி மருந்து போட ஆரம்பித்த பிறகு எனக்கு மறுபடியும் ஒரு டியூட்டி வந்துவிட்டது. முதலில் கிட்டேயே விடமாட்டாள். கையைத் தூக்கினால் தலை வானத்துக்குப் போய்விடும். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். அவளாக வரும்வரை கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விஷயத்தில் நான் கறாராக இருந்திருக்கிறேன். ஊசி வலிக்காது என்று எந்தக் குழந்தையிடமும் சொன்னதில்லை. வலிக்கும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் சொல்வேன். மற்ற நர்ஸுகள் கேலி செய்வார்கள். ஆனால் அடுத்த தடவை அந்தக் குழந்தைகள் என்னிடம்தான் கையை நீட்டும். செம்பியிடமும் அதே மாதிரிதான். எரியும்டி, பொறுத்துக்கோ என்று சொல்லிவிட்டுத்தான் மருந்தைத் தொடுவேன். அவளுக்குத் தமிழ் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. குரல் புரிந்தது.

புண் ஆற வேண்டுமென்றால் நைலான் கூடாது. ஆனால் தலையில் ஒன்றும் இல்லாமல் அவளைப் பிடிக்கவும் முடியாது, டாக்டருக்குக் காட்டவும் முடியாது. வாயில் இரும்பு வைக்கிற கடிவாளம் வேண்டாம், முகத்தைச் சுற்றி மெத்தென்று ஒரு கயிறு மட்டும் போதும் என்று நீதான் சொன்னாய். கடையில் விற்பதெல்லாம் பெரிய ஜாதிக் குதிரைக்கு. இவள் முகம் ஒடுக்கம். சரி, நாமே செய்வோம் என்று தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் சுண்டுவிரல் பருமனில் நூல் கயிறு வாங்கிவந்தோம். அதை ஊறவைத்து, இரண்டு தென்னைக்கு நடுவில் இழுத்துக் கட்டிக் காயவிட்டோம். அப்படிச் செய்யாவிட்டால் மழையில் நனைந்ததும் முடிச்சுகள் இடம் மாறிவிடும் என்று நீ வீடியோவில் பார்த்துச் சொன்னாய். பிறகு ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டு, தரையில் அந்தக் கயிற்றைப் பரப்பிக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எங்கும் வெட்டாமல் ஒரே கயிறு. மூக்குக்கு ஒரு வளையம், இரண்டு கன்னத்துக்கும் பக்கத்துக்கு ஒன்றாக முடிச்சு, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு. அங்கிருந்து தொண்டையைச் சுற்றி, காதுக்குப் பின்னால் ஏறி இறங்கி, இடது கன்னத்தருகே ஒரு கண்ணியில் நுழைத்துக் கட்ட வேண்டும். சொல்லும்போது சுலபம். முதலில் போட்டது மூக்கில் ரொம்பக் கீழே இறங்கிவிட்டது. நான் விரலால் தடவிப் பார்த்தேன். எலும்பு முடிந்து வெறும் குருத்தாக இருக்கிற இடம். அங்கே அழுத்தினால் மூச்சு முட்டும். அவிழ்த்தோம். அடுத்ததில் கன்னத்து முடிச்சு சரியாக எலும்பின்மேல் உட்கார்ந்தது. அதையும் அவிழ்த்தோம். முடிச்சு இறுகுகிறதா என்று பார்க்க நீ உன் தலையிலேயே மாட்டிக்கொண்டு கனைத்துக் காட்டினாய். அப்பா போன பிறகு அந்த ஹாலில் நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

கடைசியில் சரியாக வந்தது. மூக்கில் படும் இடத்தில் என் பழைய நூல் புடவையைக் கிழித்துச் சுற்றி, தையல் போட்டேன். கயிற்றின் நுனி பிரியாமல் நூலால் இறுக்கிக் கட்டினேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் விரித்துப் பிடித்தபடி நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். மோந்தாள். என் புடவை வாசனை அடித்திருக்கும். அப்புறம் அவளே தலையைக் குனிந்து அந்த வளையத்துக்குள் மூக்கை விட்டாள். நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். “மா, உன்கிட்ட மட்டும்தான் மா இப்படி வரா” என்றாய். அதைச் சொல்லும்போது உனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. புண் ஆறிய இடத்தில் முடி வெள்ளையாக முளைத்தது. உடம்பெல்லாம் செம்பட்டை, மூக்கின் குறுக்கே விபூதிக் கீற்று மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அதை மறந்துவிடாதே. நீ மறந்ததால்தான் மாட்டிக்கொண்டாய்.

தீபாவளிக்கு எதிர் ஃபிளாட்டில் வெடித்த சரவெடிக்கு மிரண்டு அவள் என்னை இழுத்துப் போட்டதும், என் மணிக்கட்டு உடைந்ததும், நீ லீவு போட்டு எனக்குத் தலை வாரிவிட்டதும் எதையும் நான் மறக்கவில்லை. ஒரு பிள்ளை அம்மாவை அப்படிப் பார்த்துக்கொள்வது பெரிய விஷயம். அந்த நாட்களில்தான் உனக்கு ஜெர்மனி வேலை உறுதியானது. நான் ஒற்றைக் கையோடு இந்தக் குதிரையை வைத்துக்கொண்டு தனியாக என்ன செய்வேன் என்று உனக்குப் பயம். கொடுத்துவிடலாம் என்றாய். மாட்டேன் என்றேன். மறுநாளும் கேட்டாய். மறுநாளும் மாட்டேன் என்றேன். பிறகு ஒரு நாள் ரொம்ப சாதாரணமாக, நண்பன் ஒருவனுக்கு மதுராந்தகம் பக்கத்தில் தோட்டம் இருக்கிறது, நிறைய புல், பட்டாசுச் சத்தம் கிடையாது, உன் கை சரியாகும்வரை அங்கே இருக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்றாய். நான் யோசித்தேன். அவளுக்கும் அது நல்லதுதான் என்று பட்டது. சரி என்றேன்.

இதற்கு அடுத்து நடந்ததைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. பழைய தலைக்கயிறு நைந்துவிட்டது, தூரப் பயணம், புதிதாக ஒன்று செய்து கொடும்மா என்று கேட்டாய். கட்டுப் பிரித்த கை. விரல் சரியாக மடங்காது. கயிற்றின் ஒரு பக்கத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, மறு பக்கத்தைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். அதை நீ பார்த்தாய். காபி கலந்துகொண்டுவந்து பக்கத்தில் வைத்தாய். அவள் எங்கே போகப்போகிறாள் என்று அப்போது உனக்குத் தெரியும்.

வண்டி வந்த அன்று காலையில் அவள் ஏறவே இல்லை. டிரைவர் வெங்கடேசன் முன்னால் இழுக்க, கூட வந்தவர்கள் பின்னாலிருந்து தள்ள, பலகையில் கால் வைக்க மாட்டேன் என்று நின்றாள். நான் சமையலறையில் இருந்தேன். அவள் போவதைப் பார்க்க வேண்டாம் என்று உள்ளேயே இருந்தேன். நீ வந்து கூப்பிட்டாய்.

“மா, நீ கூப்ட்டாத்தான் ஏறுவா. ஒரு நிமிஷம் வா.”

வந்தேன். கயிற்றை என் கையில் வாங்கினேன். பயப்படாதடி, நல்ல இடத்துக்குத்தான் போறே, நான் வந்து பார்ப்பேன் என்று அவள் காதில் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். அவள் என் பின்னால் பலகையில் ஏறினாள். இழுக்கக்கூட இல்லை, கயிறு தொய்வாகத்தான் இருந்தது. உள்ளே கட்டிவிட்டு இறங்கியபோது நீ என் தோளைப் பிடித்து, “தேங்க்ஸ் மா” என்றாய். அந்தத் தேங்க்ஸ் இப்போதும் காதில் இருக்கிறது. ஒரு குழந்தையிடமும் பொய் சொல்லாத என்னை, பேச முடியாத ஒரு ஜீவனிடம் பொய் சொல்லவைத்தாய். நான் உண்மை என்று நினைத்துச் சொன்னேன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

நீ ஜெர்மனி போன பிறகு படங்கள் வந்தன. செம்பி நல்லா இருக்கா, குண்டாயிட்டா என்று கீழே எழுதியிருப்பாய். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், நண்பன் ஊரில் இல்லை, பாதை மழையில் போய்விட்டது, அங்கே நாய்கள் கடிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். எல்லாப் படமும் தூரத்தில் எடுத்தது. ஒரு தடவை மட்டும் கவனக்குறைவாக முகம் தெரிகிற படத்தை அனுப்பிவிட்டாய். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மூக்கில் வெள்ளைக் கோடு இல்லை. தழும்பில் முளைத்த வெள்ளை முடி மறுபடி சிவப்பாகாது கதிர். ஆயுசுக்கும் அப்படியேதான் இருக்கும். அன்று சாயந்திரம் நீ வீடியோவில் வந்தபோது, செம்பி எப்படி இருக்கா என்று கேட்டேன். “சூப்பரா இருக்கா மா, நேத்துகூட பேசினேன், உன்னைத்தான் தேடறாளாம்” என்றாய். கண் சிமிட்டாமல் சொன்னாய். படம் மாறியதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் பெற்ற பிள்ளை பொய் சொன்னால் அவன் முகத்தில் தெரியும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஸ்டேஷன் பக்கம் வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போய் வெங்கடேசனைக் கேட்டேன். அவருக்கு எதுவும் தெரியாது பாவம். “குதிரையாமா? கோவளத்துலதான எறக்கினோம். தம்பி உங்ககிட்ட சொல்லலையா?” என்றார். சொன்னான், மறந்துவிட்டேன் என்றேன். உன் மானத்தைக் காப்பாற்ற அந்த இடத்தில் எனக்கு அப்படித்தான் வந்தது.

வண்டலூரில் இறங்கிக் கேளம்பாக்கம் பஸ் பிடித்தேன். நீ தினமும் ஆபீஸ் போன அதே ரோடு. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கோவளம். வெயில் தாழ்கிற நேரம். கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு குதிரைகள் போய்வந்துகொண்டிருந்தன. ஜிகினா வைத்த கடிவாளம், முதுகில் வெல்வெட் துணி. மூக்கின் குறுக்கே அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. முன்னங்கால் ஒன்றை மணலில் முழுதாக ஊன்றாமல் எடுத்து எடுத்து வைத்தாள். விலா எலும்பு தெரிந்தது. வாயோரம் இரும்பு பட்டுப் புண். அந்தக் கடிவாளத்துக்கு அடியில், அழுக்கேறிக் கறுத்துப்போய், நான் பல்லால் முடிந்த தலைக்கயிறு.

அவளை வைத்திருந்தவர் பேர் பாபு. சவாரிக்குத்தான் வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தார். இது எங்கள் வீட்டுக் குதிரை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார்.

“தோ பாரும்மா, நான் திருடிகினு வரல. உம் புள்ளதான் குட்த்தாரு. நல்லா பாத்துக்கோ பாய்னு சொல்லிட்டுத்தான் குட்த்தாரு” என்றார். கொஞ்சம் தயங்கி, தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் சொன்னார். “அம்மாக்கு மட்டும் தெரிய வாணாம், தேடிகினு வந்தா இங்க இல்லன்னு சொல்லிடுன்னாரு. எனக்கு அப்பவே மனசு ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சு.”

நான் தேடி வருவேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறாய்.

செம்பி என்று கூப்பிட்டேன். காது திரும்பியது. கிட்டே போய்க் கையை நீட்டினேன். தலையை மேலே தூக்கிக்கொண்டாள் கதிர். எட்டாத உயரத்துக்கு, முதல் நாள் வந்தபோது தூக்கியது மாதிரி. வெள்ளை தெரிய விழியை உருட்டிப் பின்னால் நகர்ந்தாள். பாபு ஓடிவந்து பிடித்தார். “வந்ததுலேர்ந்து இப்டித்தாம்மா, யாராவது கைய தூக்கினா பேஜார் பண்ணுது” என்று எனக்குச் சமாதானம் சொன்னார். மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் சுண்டல் விற்கிறார்கள், பலூன் விற்கிறார்கள், யாரோ ஒரு குழந்தை அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டி, குதிரைக்கு யார் பெயின்ட் அடித்தது என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பாபு கெட்டவர் இல்லை. கால் வீங்கின குதிரையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதும் பெரிதாகப் பேரம் பேசவில்லை. திரும்ப வெங்கடேசனையே வரச்சொன்னேன். அன்றைக்கு என் பின்னால் தொய்ந்த கயிற்றோடு ஏறினவள், இந்தத் தடவை என்னைக் கண்டதும் பின்வாங்கினாள். பாபுதான் ஏற்றினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து கேளம்பாக்கம் வழியாக வண்டலூர்வரை பின்னால் அவள் குளம்பு பலகையில் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஆமாம், அவள் இங்கேதான் இருக்கிறாள். பின்பக்கத்து நிலத்தில், நீ அவளுக்குப் போட்ட பழைய கொட்டகையில். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் நான் முன்ரூமுக்கு வந்து பேசினேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் நானே செம்பியைப் பற்றி எடுத்துக்கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நீ புதிதாக ஒன்று சொன்னாய். போன தடவை அவளுக்கு அங்கே ஒரு கன்றுக்குட்டி தோஸ்தாகிவிட்டதாகச் சொன்னாய். அவள் அப்போது எனக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். குளம்புக்குள் சீழ், நல்ல ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் தலையைப் பிடித்து நிறுத்தினால்தான் சுத்தம் செய்ய முடியும் என்றார். அந்தக் கறுத்துப்போன தலைக்கயிற்றை நான் கத்தரித்து எடுத்துவிட்டேன். அது இனி அவள் முகத்தில் இருக்கக் கூடாது. புதிதாக முடிந்துகொண்டிருக்கிறேன். முகம் மெலிந்திருப்பதால் பழைய அளவு உதவவில்லை. தூரத்தில் நின்று கண்ணாலேயே அளவெடுக்கிறேன். இந்தத் தடவை மூக்கு வளையத்தை மாட்டிய பிறகு காதுக்கு மேலாகக் கையைக் கொண்டுபோக வேண்டாத மாதிரி, மேல் கயிற்றை நீளமாக விட்டிருக்கிறேன். கழுத்துப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து கட்டிக்கொள்ளலாம். இதை எந்த வீடியோவிலும் பார்க்கவில்லை, கையைத் தூக்கக் கூடாது என்று யோசித்ததில் வந்தது. இப்போதைக்குக் கயிற்றை அவள் கழுத்தின்மேல் சும்மா போட்டுவைக்க விடுகிறாள். முகத்துக்கு இன்னும் அனுமதி இல்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பேசுவதில்லை. என் குரலை அவள் ஒரு தடவை நம்பிப் பார்த்தாயிற்று.

எல்லாம் என் நல்லதுக்காகத்தான் செய்தாய் என்று சொல்வாய். ஒத்துக்கொள்கிறேன். நான் விழுந்ததைப் பார்த்துப் பயந்திருக்கிறாய், தூர தேசத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்று தவித்திருக்கிறாய். அதெல்லாம் நிஜம். ஆனால் அப்பா ரோட்டோரத்து நிலத்தை விற்றபோது என்ன செய்தார் தெரியுமா? சாப்பிட்டுக்கொண்டிருந்த என் எதிரில் வந்து உட்கார்ந்து, விற்கப்போகிறேன், உனக்குப் பிடிக்காது, ஆனாலும் விற்கப்போகிறேன் என்றார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எவ்வளவோ நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்தக் கோபம் தீர்ந்தது. ஏனென்றால் கோபப்பட எனக்கு ஒரு இடம் கொடுத்தார். என்னை எதிரில் வைத்துச் சொன்னார். நீ எனக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. ‘கிழவி அழுவாள், சமாளிக்க முடியாது, ஒரு கதை சொல்லிவிடலாம்’ என்று முடிவு செய்தாய். செம்பியைச் சவாரிக்குக் கொடுக்கப்போகிறேன் என்று நேரே சொல்லியிருந்தால் உன்னோடு மல்லுக்கு நின்றிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை தோற்றும் போயிருப்பேன். தோற்றிருந்தால் வலித்திருக்கும். சீக்கிரம் முடிந்தும் போயிருக்கும்.

இதையெல்லாம் நான் உள்ளேயே வைத்துக்கொண்டு உன் கல்யாணத்துக்கு அட்சதை போட்டிருப்பேன். நிவேதா ஃபோன் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். எனக்கு மருமகளாக வரப்போகிற நல்ல பெண். வாரத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டு, ஆன்ட்டி மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறாள். நேற்றுப் பேசும்போது, “ஆன்ட்டி, கதிர் உங்க குதிரையப் பத்திச் சொன்னான். மதுராந்தகம் தோட்டத்துல இருக்காமே. கல்யாணம் முடிஞ்சதும் முதல்ல அங்கதான் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்” என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். அம்மாவிடம் சொன்னதையாவது பயத்தில் சொன்னாய் என்று வைத்துக்கொள்ளலாம். அவளிடம் எதற்கு? கல்யாணம் முடிந்ததும் எந்தத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாய்? அங்கே போனால் என்ன சொல்வாய், குதிரை செத்துப்போய்விட்டது என்றா?

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் அப்பாவும் ஒன்றும் ஊர் மெச்சுகிற ஜோடி இல்லை. நிறைய சண்டை போட்டோம். ஆனால் அவர் மதுராந்தகம் போகிறேன் என்று சொன்னால் மதுராந்தகம்தான் போயிருப்பார். அதை நம்பி நான் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கினேன். நிவேதாவுக்கு அப்படி ஒரு தூக்கம் கிடைக்க வேண்டும். பொய்யைக் கண்டுபிடிக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற பெண்டாட்டியாக அவளை ஆக்கிவிடாதே. அது ரொம்ப அசிங்கமான வேலை. நான் செய்து பார்த்துவிட்டேன்.

அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, உனக்காகப் பொய் சொல்லவும் இல்லை. செம்பியைப் பற்றிக் கதிரே சொல்வான் என்று மட்டும் சொன்னேன். என் பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது அவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அப்பா அம்மாவும் அஸ்தினாபுரத்திலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். இலை போட்டுச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் பின்பக்கம் சுற்றிப் பார்க்கலாமா ஆன்ட்டி என்று அவள் கேட்பாள். கேட்கிற பெண்தான் அவள். நான் கதவைத் திறந்துவிடுவேன்.

அதற்குள் அவளிடம் சொல்லிவிடு.

அம்மா